வளைந்த விமானமும் பழைய ஜூம் லென்ஸும்

மீடியம் ஃபார்மட் ஜூம் லென்ஸ்கள் 120 ரோல் ஃபிலிம் கேமராக்களுக்காகச் செய்யப்பட்டவை. எஃப் 4.5 அளவில், 1975-இல் வந்த மாமியா 645-க்கு 75–150 மி.மீ. ஜூமும் 1984-இல் வந்த பென்டாக்ஸ் 645-க்கு 80–160 மி.மீ. ஜூமும் உண்டு. எடை ஏறத்தாழ ஒரு கிலோ. தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களில் நெடுங்காலம் ஓடிய யாஷிகா இரட்டை லென்ஸ் கேமராவில் லென்ஸைக் கழற்றவே முடியாது; ஜூம் என்ற பேச்சே அங்கே எழவில்லை. இன்று அந்த 645 ஜூம்களில் பல அடாப்டர் மாட்டி டிஜிட்டல் கேமராவில் ஓடுகின்றன.

645 ஃபிலிமின் சட்டம் 56 × 41.5 மி.மீ. அதன் மூலைகள் வரை நிரப்ப, லென்ஸ் 70 மி.மீ. விட்டமுள்ள பிம்ப வட்டத்தை விழச்செய்ய வேண்டும். ஃபுல் ஃபிரேம் சென்சாருக்கு 43 மி.மீ. போதும். மிஞ்சும் இந்த விளிம்புதான் பழைய லென்ஸை வாங்க உள்ள உருப்படியான காரணம். கூர்மைக்காக என்றால் இன்றைய சாதாரண ஜூமே மேல். மாமியா 645-இல் லென்ஸின் அடிப்பகுதிக்கும் ஃபிலிமுக்கும் இடையே 63.3 மி.மீ. இடைவெளி. கண்ணாடியில்லாத (மிரர்லெஸ்) டிஜிட்டல் கேமராவில் அது 20 மி.மீ. சுற்றித்தான் இருக்கும். நடுவில் கிடைக்கும் நாலு சென்டிமீட்டருக்கும் மேலான இடத்துக்குள் லென்ஸை மேலும் கீழும் நகர்த்தும் ஷிஃப்ட் அடாப்டர் தாராளமாக அடங்கும்.

அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரத்தில் அந்த நகர்வின் அருமை தெரியும். முதலாம் ராஜேந்திரன் கட்டிய கோயிலின் விமானம் 53 மீட்டர் உயரம். கேமராவை அண்ணாந்து பிடித்தால் விமானம் பின்னால் சாய்ந்து, உச்சி சிறுத்துவிடும். கேமராவை நேராகவே வைத்து 80 மி.மீ.யில் முழு உயரத்தையும் அடக்க சுமார் 230 மீட்டர் தள்ளிப்போக வேண்டும். மதில் சூழ்ந்த வளாகத்தின் நீளமே 170 மீட்டர்தான். லென்ஸை 14 மி.மீ. மேலே நகர்த்தினால் 130 மீட்டர் போதும். அப்போது நிற்கும் இடம் ஏறத்தாழ கிழக்கு வாயிலருகே அமையும். அங்கிருந்த கோபுரம் இடிந்துவிட்டது. 1836-இல் கீழணை கட்டுவதற்கு இக்கோயிலின் கற்களைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். வடக்கு, தெற்குப் புல்வெளிகளில் இந்த வித்தை பலிக்காது. அங்கே பின்வாங்க ஐம்பது மீட்டர்கூட இராது, 30 மி.மீ. லென்ஸ் வேண்டும்.

தஞ்சை விமானம் நேர்க்கோட்டில் ஏறுகிறது. இங்குள்ளதோ உட்குழிந்து வளைந்து ஏறுகிறது. இரண்டு கோயில்களையும் வேறுபடுத்தும் இந்த வளைவில்தான் ஜூம் லென்ஸ் கைவைக்கும். பெரும்பாலான பழைய ஜூம்கள் அகலமான முனையில் கோடுகளை வெளியே உப்பவைக்கும், நீண்ட முனையில் உள்ளே இழுக்கும்; நடுவில் எங்கோ ஓரிடத்தில் கோடு கோடாகவே நிற்கும். லென்ஸை நகர்த்தும்போது பிம்ப வட்டத்தின் ஓரம் பயன்படுவதால் கோளாறு இன்னும் கூடும். அந்த நல்ல இடத்தைக் கண்டுபிடிக்கக் கோயிலிலேயே அளவுகோல் இருக்கிறது. மண்டபத்தின் அடியில் நீளமாக ஓடும் அதிட்டானக் கல்வரியைச் சட்டத்தின் மேல் ஓரத்தை ஒட்டி வைத்து, வெவ்வேறு குவியத் தொலைவுகளில் படமெடுத்துப் பார்த்தால் போதும். இதைச் செய்யாமல் எடுத்த விமானப் படத்தில் சோழச் சிற்பியின் வளைவு எவ்வளவு, லென்ஸின் வளைவு எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

வடக்குப் படிக்கட்டருகே உள்ள சண்டேச அனுக்கிரக மூர்த்திக்கு 160 மி.மீ. முனை பொருத்தம். ஆனால் வடக்குச் சுவர்களில் நண்பகல் வெயில் விழுவது ஏப்ரல் பிற்பகுதி முதல் ஆகஸ்ட் பிற்பகுதி வரைதான். மற்ற மாதங்களில் எஃப் 4.5 திறப்புக்கு ஒளி போதாமல் முக்காலியைத் தேட வேண்டிவரும். தொல்லியல் துறையிடம் அதற்கு முன்அனுமதி பெற வேண்டும்.

பக்கத்துப் பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் கல்லாகிப்போன மரம் 18 மீட்டர் நீளத்துக்குப் படுத்துக் கிடக்கிறது. இங்கே லென்ஸைப் பக்கவாட்டில் நகர்த்தி, இடம் வலம் இரண்டு படங்களை ஒட்டினால் 40 மீட்டருக்குப் பதில் 23 மீட்டரிலிருந்தே மரம் முழுவதும் அடங்கும். இப்பகுதியில் கிடைக்கும் அம்மோனைட் போன்ற சிறு புதைபடிவங்களுக்கு இந்த ஜூம் ஏற்றதல்ல; பெரும்பாலானவை ஒரு மீட்டருக்குள் ஃபோகஸ் ஆகாது. அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டிச் சரணாலயத்துப் பறவைகளுக்கோ 160 மி.மீ. எந்த மூலைக்கு!

நல்ல நிலையிலுள்ள பழைய ஜூமை 160-இல் ஃபோகஸ் செய்து 80-க்கு இழுத்தாலும் ஃபோகஸ் மாறாது. மலிவான அடாப்டர்கள் ஒரு மயிரிழை மெலிந்தே வருவதால் இந்தக் குணம் கெட்டுவிடும். ஜூமை மாற்றும்போதெல்லாம் மறுபடி ஃபோகஸ் செய்ய வேண்டும். சித்திரை வெயிலில் காருக்குள் வைத்தால் உள்ளிருக்கும் கிரீஸ் இளகி அப்பர்ச்சர் இதழ்களில் பரவும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். உள்ளே கண்ணாடித் துண்டுகள் பல இருப்பதால் பிரித்துத் துடைக்கிற கூலி சில சமயம் லென்ஸ் விலையையே தாண்டிவிடும். வாங்குவதற்கு முன் ஒரு முனையில் டார்ச் அடித்து மறுமுனை வழியாகப் பார்த்துவிடுவது நல்லது.