விமானம் ஓடிய சாலை

நுழையும்முன்

அகன்ற சாலை, இளமையின் ஆர்வம், கையில் ஒரு விசையுந்து ஆகிய மூன்றும் ஒன்றுசேரும் இடத்தில் பொறுப்புணர்வும் உடன் இருத்தல் வேண்டும். அஃது இல்லாதபோது நேர்வது என்ன என்பதைக் கொல்கத்தா மாநகரின் சாலைகள் வழியே இப்பாடம் எடுத்துரைக்கிறது.

கொல்கத்தாவின் நடுவே பரந்து கிடக்கும் பசும்புல்வெளிக்கு மைதான் என்று பெயர். ஒருபுறம் வில்லியம் கோட்டையும் மறுபுறம் சௌரங்கியின் மாளிகைகளும் நிற்க, இடையே நேர்கோடாய் நீண்டு செல்கிறது ரெட் ரோடு. இந்திரா காந்தி சரணி என்பது அதன் இன்றைய பெயர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் போர் விமானங்கள் ஏறி இறங்கும் ஓடுதளமாக இச்சாலை பயன்பட்டது. வளைவில்லாத அகலமும் தடையில்லாத நீளமும் அதற்கு உதவின. போர் முடிந்தது; விமானங்கள் போயின. ஆனால், அச்சாலையில் நுழையும் இளைஞர் சிலருக்குத் தாமும் பறக்கவேண்டும் என்னும் எண்ணம் இன்றும் எழத்தான் செய்கிறது.

2016ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் இச்சாலையில் குடியரசு நாள் அணிவகுப்பிற்கான ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. விடியற்காலையில் கட்டுமீறிய வேகத்தில் வந்த ஒரு மகிழுந்து, தடுப்புகளைக் கடந்து புகுந்து, விமானப்படை வீரர் ஒருவரின் உயிரைப் பறித்தது. நாட்டைக் காக்கப் பயின்ற ஓர் இளைஞர், போர்முனையில் அன்று, தம் நாட்டு நகரத்துச் சாலையிலேயே மாண்டார். அவ்வாண்டு சூலை மாதத்தில் மேற்கு வங்காள அரசு ‘சேஃப் டிரைவ், சேவ் லைஃப்’ என்னும் பரப்புரையைத் தொடங்கியது. பாதுகாப்பாக ஓட்டி உயிரைக் காப்போம் என்பது அதன் பொருள். தலைக்கவசம் அணியாதவர்க்குப் பெட்ரோல் இல்லை என்னும் ஆணையும் அப்போது கொல்கத்தாவில் நடைமுறைக்கு வந்தது.

பல வேகங்களின் நகரம்

கொல்கத்தாவின் சாலைகளில் ஒரே வேகம் என்பது கிடையாது. 1873ஆம் ஆண்டில் குதிரைகள் இழுத்த டிராம் வண்டி, 1902 முதல் மின்சாரத்தால் ஓடத் தொடங்கியது. வடகொல்கத்தாவின் சந்துகளில் மனிதர் கையால் இழுக்கும் ரிக்ஷா இன்னும் காணப்படுகிறது. மஞ்சள் வாடகைக் கார், நெரிசல் மிக்க பேருந்து, தலையில் கூடை சுமந்து கடக்கும் தொழிலாளி, பள்ளிக்குச் செல்லும் சிறுவர் ஆகிய அனைவரும் அச்சாலைகளைப் பங்கிட்டுக் கொள்கின்றனர். விசையுந்து ஓட்டுபவர் இவர்களுள் ஒருவரேயன்றி, இவர்கள் அனைவருக்கும் முதல்வர் அல்லர்.

மழைக்காலத்தில் டிராம் தண்டவாளம் விசையுந்துக்குப் பெரும் பகையாகிறது. நனைந்த இரும்பின்மேல் சக்கரம் சாய்வாக ஏறினால் பிடிப்பை இழந்து வழுக்கும். அனுபவம் மிக்கவர் தண்டவாளத்தைக் குறுக்காக, மெல்லக் கடப்பர். விரைபவர் அதனோடு இணைந்தே சென்று வீழ்வர். செப்டம்பரில் விசுவகர்மா பூசை நாளை ஒட்டி வானமெங்கும் பட்டங்கள் பறக்கும்போது, மா மேம்பாலத்தின் குறுக்கே மாஞ்சா நூல் தொங்குவதுண்டு. கண்ணாடித்தூள் பூசிய அந்நூலால் கழுத்து அறுபட்டோர் பலர். அதனைத் தடுக்கப் பாலத்தின் ஓரங்களில் கம்பிவலை அமைக்கப்பட்டது. வேகம் கூடக்கூட நூலைக் கண்டு ஒதுங்கும் காலம் குறையும் என்பதை யாரும் விளக்கவேண்டியதில்லை.

ஓர் அபராதச் சீட்டு

தென்கொல்கத்தாவின் லேக் மார்க்கெட் பகுதியில் தலைமுறைகளாகத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்து வருகின்றன. அத்தகைய குடும்பம் ஒன்றில் கல்லூரியில் பயிலும் மகனை எண்ணிப் பார்க்கலாம். வண்டி தந்தையின் பெயரில் பதிவாகியிருக்கிறது. ஒருநாள் மாலை தந்தையின் கைப்பேசிக்கு ஒரு செய்தி வருகிறது. மேம்பாலத்தில் வரம்பு மீறிய வேகத்திற்காக விதிக்கப்பட்ட அபராதம் அது. உடன் வந்த படத்தில் வண்டியின் எண் தெளிவாகத் தெரிகிறது.

“அங்கே கேமரா வைத்திருப்பது எனக்குத் தெரியாது, அப்பா. இனிமேல் அந்த இடத்தில் மெதுவாகப் போகிறேன்” என்கிறான் மகன்.

தந்தை சினங்கொள்ளவில்லை. “கேமரா உன்னைப் பார்த்ததால் பணத்தோடு போயிற்று. வண்டி பழுதாகிப் பாலத்தின் ஓரத்தில் ஒருவர் நின்றிருந்தால் உன்னால் நிறுத்தியிருக்க முடியுமா?” என்று கேட்கிறார். மகனிடம் விடையில்லை. “எவ்வளவு நேரம் மிச்சமாயிற்று என்று கணக்குப் போட்டுச் சொல்” என்கிறார்.

மகன் தாளை எடுக்கிறான். நாலரைக் கிலோமீட்டர் தொலைவை மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க நாலரை நிமிடம் ஆகும். 90 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று நிமிடம். மிச்சம் ஒன்றரை நிமிடம். பாலத்தின் முடிவிலுள்ள சிவப்பு விளக்கு அந்த ஒன்றரை நிமிடத்தையும் திரும்ப வாங்கிக்கொண்டது அவன் நினைவுக்கு வருகிறது.

கணக்கு காட்டும் உண்மை

வண்டி மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் ஒரு நொடியில் 10 மீட்டர் கடக்கும். ஆபத்தைக் கண்டு கை தடுப்பை அழுத்த ஒரு நொடி ஆகிறது என்று கொண்டால், அதற்குள் 10 மீட்டர் போய்விடும். நொடிக்கு 5 மீட்டர் வீதம் வேகம் குறைந்தால், வண்டி நிற்பதற்கு மேலும் 10 மீட்டர் வேண்டும். ஆக மொத்தம் 20 மீட்டர். வேகம் 72 கிலோமீட்டராக இரட்டிக்கும்போது, முதல் நொடியில் 20 மீட்டரும் நிற்பதற்குள் 40 மீட்டரும் கழிகின்றன. மொத்தம் 60 மீட்டர். வேகம் இருமடங்காக, நிற்கும் தொலைவு மும்மடங்காயிற்று. மோதும் ஆற்றலோ நான்மடங்காகிறது. சாலை நனைந்திருந்தால் இத்தொலைவு மேலும் நீளும். எத்துணைத் திறமையுடையோரும் இக்கணக்கை மாற்ற இயலாது.

2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர் என்கிறது நடுவண் அரசின் அறிக்கை. அவர்களுள் நூற்றுக்கு நாற்பத்து நால்வர்க்கும் மேற்பட்டோர் இரு சக்கர வண்டியில் சென்றவர். இறப்புகளுக்குரிய காரணங்களுள் மிகை வேகமே முதலிடம் பெற்றது.

சட்டமும் சுமையும்

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 2019இல் திருத்தப்பட்டது. அதுவரை 400 ரூபாயாக இருந்த மிகை வேகத்திற்கான அபராதம், இலகு வாகனங்களுக்கு 1000 முதல் 2000 ரூபாய் வரை என உயர்ந்தது. தலைக்கவசம் அணியாமைக்கு 1000 ரூபாய் அபராதத்தோடு மூன்று மாதம் ஓட்டுநர் உரிமத்தை இழக்கவும் நேரும். பதினெட்டு வயது நிரம்பாதவர் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோரோ வண்டியின் உரிமையாளரோ பொறுப்பாவர். மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் அவர்களுக்கு விதிக்கப்படலாம். வண்டியின் பதிவும் ஓராண்டிற்கு நீக்கப்படும். ஓட்டிய சிறாருக்கு 25 வயது வரை உரிமம் கிடையாது.

உயர்ந்த அபராதத் தொகைகளை மேற்கு வங்காள அரசு உடனே ஏற்கவில்லை. எளிய மக்களுக்கு அவை பெருஞ்சுமை என்று கருதியது. அவ்வாதத்தைப் புறந்தள்ள இயலாது. வீடு வீடாக உணவு கொண்டு சேர்க்கும் இளைஞருக்கு ஆயிரம் ரூபாய் என்பது ஒன்றிரண்டு நாள் உழைப்பு. செல்வர் வீட்டுப் பிள்ளைக்கோ அது தந்தையின் கைப்பேசிக்கு வரும் ஒரு செய்தி மட்டுமே. அன்றியும், உணவு சில நிமிடங்கள் தாழ்ந்தாலும் பொறுக்காதவர், அதைக் கொண்டுவரும் இளைஞரின் வேகத்திற்குத் தாமும் ஒருவகையில் பொறுப்பாகின்றார். அபராதம் ஒருவரைத் தடுத்து நிறுத்தலாம். கேமரா இல்லாத தெருவிலும் அவரை நிதானமாகச் செலுத்துவது அவர்தம் உள்ளமே.

ஒரு மரணம் தந்த கவசம்

தலைக்கவசத்தின் வரலாறும் ஒரு விசையுந்து விபத்தோடு பிணைந்தது. ‘அரேபியாவின் லாரன்ஸ்’ என்று உலகம் அறிந்த டி. இ. லாரன்ஸ், 1935ஆம் ஆண்டு மே மாதத்தில் இங்கிலாந்தில் தம் விசையுந்தில் சென்றபோது, மிதிவண்டியில் வந்த இரு சிறுவர்மேல் மோதாதிருக்க விலகித் தூக்கி எறியப்பட்டார். தலையில் ஏற்பட்ட காயத்தால் சில நாள்களில் இறந்தார். அவருக்கு மருத்துவம் செய்தவர்களுள் ஒருவரான ஹியூ கெய்ர்ன்ஸ் என்னும் மூளை அறுவை வல்லுநர், அம்மரணத்தை மறக்கவில்லை. விசையுந்து ஓட்டுநரின் தலைக்காயங்களை ஆராய்ந்து, தலைக்கவசம் உயிர் காக்கும் என்று 1941இல் எழுதினார். பிரிட்டன் படையில் விசையுந்து ஓட்டிய வீரர்க்குக் கவசம் கட்டாயமாயிற்று. இன்று ஐ.எஸ்.ஐ. முத்திரை தாங்கிய கவசம் அந்த ஆய்வின் வழித்தோன்றலே. அதனைத் தாடைவாரை இறுக்காமல் தலையில் கவிழ்ப்பதோ, காவலரைக் கண்டவுடன் மட்டும் கைப்பிடியிலிருந்து எடுத்து அணிவதோ பயன் தராது.

விபத்தில் வீழ்ந்தவரைக் கண்டால் அஞ்சி விலகுதலும் தகாது. தன்னலமின்றி உதவுவோரைச் சட்டத்தின் 134அ பிரிவு பாதுகாக்கிறது. தம் பெயரையோ முகவரியையோ வெளியிடுமாறு அவரைக் கட்டாயப்படுத்த இயலாது.

காத்திருத்தல்

கொல்கத்தாவில் காக்கிக்கு மாறாக வெண்ணிறச் சீருடை அணிந்த காவலர் வெயிலிலும் மழையிலும் சந்திகளில் நிற்கின்றனர். 2011 முதல் பல போக்குவரத்து விளக்குகளின் அருகே இரவீந்திரநாத் தாகூரின் இசைப்பாடல்கள் ஒலிக்கின்றன. காத்திருக்கும் ஒரு நிமிடம் வீணான நிமிடம் அன்று என்பதை அந்நகரம் இசையாலே சொல்லிப் பார்த்தது போலும்.

அடுத்த திங்கட்கிழமைக் காலையில் லேக் மார்க்கெட் இளைஞன் கல்லூரிக்குப் புறப்படுகிறான். தலைக்கவசத்தின் வாரை இறுக்குகிறான். மைதானின் ஓரமாக ஒரு சந்தியில் விளக்கு சிவக்கிறது; வண்டியைக் கோட்டுக்கு இப்பால் நிறுத்துகிறான். பின்னால் ஒருவர் ஒலிப்பானை அழுத்துகிறார். அவன் அசையவில்லை. கைத்தடி ஊன்றிய முதியவர் ஒருவர் வண்டிகளை ஐயத்தோடு பார்த்தவாறே சாலையில் அடி வைக்கிறார். இளைஞன் கையசைத்து, ‘செல்லுங்கள்’ என்று குறிப்புக் காட்டுகிறான். முதியவர் கடந்து முடிக்கிறார். அவர் மறுகரை சேர்வதற்கு ஒன்றரை நிமிடம்கூட ஆகவில்லை.

சொல்லும் பொருளும்

விசையுந்து - மோட்டார் சைக்கிள்
ஒத்திகை - முன்பயிற்சி
பரப்புரை - மக்களிடையே கருத்தைப் பரப்புதல்
சந்தி - சாலைகள் கூடுமிடம்
ஒலிப்பான் - வண்டியில் ஓசை எழுப்பும் கருவி

சிந்தித்து விடை எழுதுக

1. வேகம் இருமடங்கானால் வண்டி நிற்கும் தொலைவு எவ்வாறு மாறுகிறது? பாடத்திலுள்ள கணக்கைக் கொண்டு விளக்குக.
2. “கேமரா உன்னைப் பார்த்ததால் பணத்தோடு போயிற்று” - தந்தையின் கூற்றில் பொதிந்துள்ள கருத்து யாது?
3. அபராதத்தை உயர்த்துவது மட்டுமே விபத்தைக் குறைக்குமா? உம் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.
4. உம் பள்ளிக்குச் செல்லும் வழியில் ஆபத்தான ஓரிடத்தைக் குறிப்பிட்டு, அதைச் சீர்செய்ய வேண்டிப் போக்குவரத்துக் காவல் துறைக்குக் கடிதம் வரைக.