குழலின் அடியில் எழுதியிருப்பது

2015 டிசம்பர் முதல் தேதி இரவு முடிச்சூர் வீட்டுக்குள் தண்ணீர் ஏறியபோது அப்பா இரண்டு முறை கேட்டது துப்பாக்கியைப் பற்றித்தான். தாம்பரத்தில் அந்த ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை. அடையாற்றுத் தண்ணீர் தெருவை நிரப்பி, வாசற்படி தாண்டி, கட்டில் உயரத்துக்கு வந்துவிட்டது. அம்மா பத்திரங்கள் இருந்த பையைத் தலையில் வைத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறினாள். துப்பாக்கி கீழறை இரும்பு பீரோவின் அடித்தட்டில் இருந்தது. அப்பாவை நான் இறங்க விடவில்லை. தண்ணீர் வடிந்த பிறகு பீரோவைத் திறந்தால், உறைக்குள் களிமண் குழம்பு. அப்பா அதைத் துடைத்த விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. பிரசவத்துக்குப் பிறகு குழந்தையைத் துடைப்பார்களே, அப்படி.

அது தாத்தா வாங்கிய பெல்ஜியம் துப்பாக்கி. இரட்டைக் குழல், பன்னிரண்டு போர், வெளியே இரண்டு குதிரைகள். பன்னிரண்டு போர் என்பது பழைய கணக்கு. ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக உருட்டினால் ஓர் உருண்டையின் விட்டம் எதுவோ, அதுதான் குழலின் உள் அளவு. ஏறத்தாழ பதினெட்டரை மில்லிமீட்டர். முடிச்சூரில் எங்களுக்கு வேர்க்கடலைக் கொல்லை இருந்த காலத்தில், காட்டுப்பன்றியும் நரியும் வராமலிருக்க ராத்திரியில் வானத்தைப் பார்த்து ஒரு வெடி வைப்பார் தாத்தா. அவ்வளவுதான் அதன் வேலை. கொல்லை இருந்த இடத்தில் இப்போது நான்கு மாடிக் குடியிருப்பு.

லைசென்ஸ் புத்தகத்தைப் புரட்டினால் எங்கள் ஊரின் சரித்திரமே அதில் இருக்கிறது. முதல் முத்திரைகள் பழைய செங்கல்பட்டு மாவட்டம். 1997க்குப் பிறகு காஞ்சிபுரம். 2019 நவம்பரில் மறுபடி செங்கல்பட்டு தனி மாவட்டமானது. 2022 ஜனவரி முதல் தேதி தாம்பரம் காவல் ஆணையரகம் பிறந்ததும் கடைசி முத்திரை அங்கிருந்து. துப்பாக்கி ஊரை விட்டு நகரவில்லை, அரசாங்கம்தான் அதைச் சுற்றி நகர்ந்தபடி இருந்திருக்கிறது.

அப்பா காலமானதும் சட்டப்படி துப்பாக்கியைக் கடையில் ஒப்படைத்தோம். வாரிசுரிமையில் லைசென்ஸ் என் பெயருக்கு மாற ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ், மருத்துவச் சான்றிதழ், போலீஸ் விசாரணை என்று ஒவ்வொன்றாக. அந்தத் தாமதத்தில் எனக்கு வருத்தம் இல்லை. ஒரு மனிதன் கையில் துப்பாக்கி கொடுப்பதற்கு முன் அரசு அவ்வளவு யோசிக்கத்தான் வேண்டும்.

2023 அக்டோபரில் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமானும் கைனன் செனாயும் ஜோராவர் சிங் சந்துவும் டிராப் அணிப் போட்டியில் தங்கம் வாங்கினார்கள். அதைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கும் அவர்களைப்போலப் பறக்கும் களிமண் தட்டைச் சுட வேண்டும் என்ற ஆசை வந்தது. போட்டிக்காரர்கள் வைத்திருப்பது மேல் கீழாகக் குழல் வைத்த துப்பாக்கி, பல லட்சம் விலை. எனக்கு அது வேண்டாம். பக்கம் பக்கமாகக் குழல் வைத்த, அப்பா என் தோளில் முதன்முதலில் சாய்த்துக் காட்டிய வடிவம்தான் வேண்டும். அதுவும் என் சம்பளத்துக்குள்.

சேலையூரில் ஒரு சுபேதார் ஐயா இருக்கிறார். ஓய்வுபெற்ற ஆர்மரர், பட்டாளத்தில் முப்பது வருடம் ஆயுதங்களைப் பழுது பார்த்தவர். அப்பாவின் துப்பாக்கியைக் கடையில் அவரிடம் காட்டினேன். பூ வேலைப்பாட்டையோ குதிரைகளின் வளைவையோ அவர் பார்க்கவே இல்லை. முன்கட்டையைக் கழற்றினார், குழலைத் தனியே எடுத்தார், கவிழ்த்தார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அடிப்பாகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினார்.

“மேலே இருக்கிறது கடைக்காரன் எழுதினது தம்பி. அடியில இருக்கிறதுதான் சோதிச்சவன் எழுதினது. இதைப் படி.”

முட்டை வடிவக் கட்டத்துக்குள் மூன்று எழுத்துகள்: ஈ, எல், ஜி. பெல்ஜியத்தின் லியேஜ் நகரச் சோதனைச் சாலை முத்திரை. அங்கேயே, இன்றைய தோட்டாக்களில் இருக்கும் புகையில்லா மருந்துக்குச் சோதித்திருந்தால் பக்கத்தில் பின்னங்காலில் நிற்கும் சிங்கமும் அதன் கீழ் பி, வி என்ற எழுத்துகளும் இருந்திருக்கும். இல்லை. ஆக, இது பழைய கருமருந்துக்கு மட்டுமே சோதித்த துப்பாக்கி. குழலின் மேல் தேக்குப் பலகை ரேகைபோல ஓடும் சுருள்களைக் காட்டி, இது டமாஸ்கஸ் குழல் என்றார். இரும்பும் எஃகும் சேர்ந்த பட்டைகளை முறுக்கி, கம்பியைச் சுற்றிச் சுருட்டி, உலையில் அடித்து ஒட்டவைத்தது. அந்த ஒட்டுகள் நூறு வருடத்தில் உள்ளே எப்படி இருக்கின்றன என்று வெளியிலிருந்து யாரும் சொல்ல முடியாது. டமாஸ்கஸ் எல்லாமே ஆகாது என்பதும் சரியல்ல. பின்னாளில் புகையில்லா மருந்துக்கே சோதித்து முத்திரை வாங்கியவை உண்டு. எங்களுடையது அந்த வகையில்லை. தவிர, குழலுக்குள் வெளிச்சம் விட்டுப் பார்த்தபோது பாதி தூரத்தில் அம்மைத் தழும்பு மாதிரி குழிகள். முடிச்சூர் வெள்ளம் உள்ளே எழுதிவிட்டுப் போனது.

“இதை வெடிக்க வைக்காதே. எண்ணெய் போட்டு வெச்சுக்கோ.” அவ்வளவுதான் சொன்னார். எனக்குத் தொண்டை அடைத்தது உண்மை.

ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிதான் வைத்திருக்கலாம். முதல் இடத்தைத் தாத்தாவினுடையது எடுத்துக்கொண்டது. இரண்டாவதற்கு அனுமதி வாங்கித் தேடத் தொடங்கினேன்.

சென்னையில் பழைய இரட்டைக் குழல் துப்பாக்கிகள் ஏராளம். காரணம் இந்த மண்ணிலேயே இருக்கிறது. பள்ளிக்கரணைச் சதுப்பும் செங்கல்பட்டு மாவட்டத்து ஏரிகளும் உள்ளானுக்கும் காட்டு வாத்துக்கும் பேர்போனவை. வெள்ளைக்கார அதிகாரிகளுக்குக் குளிர்காலம் என்றால் அந்த வேட்டைதான். வேடந்தாங்கலில் சிப்பாய்கள் கொக்குகளைச் சுட்டபோது ஊர்க்காரர்கள் திரண்டு போய் முறையிட்டு, 1798 வாக்கில் கலெக்டர் லயனல் பிளேஸிடம் பறவைகளைக் காக்கும் கவுல் (எழுத்து உறுதி) வாங்கி வந்த கதை நமக்குத் தெரியும். என் மனம் எப்போதும் அந்த ஊர்க்காரர்கள் பக்கம்தான். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து வேட்டையைக் கட்டுப்படுத்தியது, அதன் 1991 திருத்தம் நிறுத்தியது. வேடந்தாங்கலும் பள்ளிக்கரணையும் 2022இல் ராம்சார் தலங்கள் ஆயின. வேட்டை போனது, துப்பாக்கிகள் மிஞ்சின. அவை பறவைக்காகச் செய்தவை. லேசானவை, குழல் மெல்லியவை. இன்றைய தோட்டாவை அவற்றில் போடலாமா என்பதுதான் கேள்வி.

முதலில் பார்த்தது ஓர் அழகி. 1920களின் பர்மிங்காம் துப்பாக்கி. குழல்களுக்கு நடுவே மவுண்ட் ரோடு பி. ஆர் அண்டு சன்ஸ் பெயர் பொறித்திருந்தது. கடிகாரக் கடை என்றுதான் நமக்கு அவர்களைத் தெரியும். துப்பாக்கியும் விற்றவர்கள் அவர்கள். பொதுவாக இங்கிலாந்தில் செய்த துப்பாக்கியில் விற்பவர் பெயரைப் போடுவது அந்தக் கால வழக்கம். வால்நட் கட்டை கையில் பட்டதும் மனசு சரிந்துவிட்டது. 1980களின் நடுவிலிருந்து வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி பொதுமக்களுக்கு ஏறக்குறைய மூடிவிட்டதால், உள்ளே இருக்கும் சீமைத் துப்பாக்கிக்கெல்லாம் பெயருக்கே பாதி விலை. இது அதிசயமாக மலிவாக இருந்தது.

சுபேதார் ஐயா கவிழ்த்துப் பார்த்தார். கிரீடத்தின் கீழே என், பி. புகையில்லா மருந்துக்குச் சோதித்தது. நல்லது. பக்கத்தில் இரண்டரை அங்குலம் என்ற குறி. தோட்டா உட்காரும் அறையின் நீளம் 65 மில்லிமீட்டர். பையிலிருந்து பித்தளை கேஜை எடுத்து அறைக்குள் விட்டார். அது 65இல் நிற்கவில்லை, 70 வரை போய் நின்றது.

“யாரோ ரீமர் விட்டுக் குடைஞ்சிருக்கான்” என்றார். குடைந்த பிறகு மறுபடி சோதித்த முத்திரை எங்கும் இல்லை. அறைக்கு முன்னால் இருக்கும் சுவர்தான் முழு அழுத்தத்தையும் வாங்குகிற இடம். அங்கே உலோகத்தைச் சீவிவிட்டு அப்படியே விற்கிறார்கள். கடைக்காரர் குரலை உயர்த்தி, “அதனாலதான் சார் இப்ப கிடைக்கிற தோட்டா போடலாம்” என்று வாதாடினார். மலிவுக்குக் காரணம் அதுதான் என்று அப்போதுதான் புரிந்தது.

குடையாமல் விட்டிருந்தால்? அதையும் ஐயா மேசைமேல் வைத்துக் காட்டினார். கடைக்காரரிடம் 70 மில்லிமீட்டர் தோட்டா ஒன்றும், சுட்டு முடிந்த காலிக்கூடு ஒன்றும் வாங்கி ஸ்கேல் பக்கத்தில் நிறுத்தினார். சுடாத தோட்டாவின் வாய் பூ மொட்டுபோல உள்ளே மடிந்திருக்கிறது. நீளம் 60 மில்லிமீட்டர் அளவுதான். சுட்ட கூட்டின் வாய் விரிந்து நிமிர்ந்து 70. பெட்டியில் போட்டிருக்கும் நீளம் இந்த விரிந்த நீளம்.

“65 அறையில இது சுகமா போய் உக்காரும். துப்பாக்கி மூடும். எல்லாம் சரின்னு தோணும். சுடும்போது வாய் விரிய இடம் இருக்காது, குழல் குறுகுற இடத்துல போய் முட்டும். அழுத்தம் ஏறும். ஒரு நாள்ல தெரியாது தம்பி.”

உட்காராமல் அடம்பிடித்திருந்தால் நாமே நிறுத்திவிடுவோம். பொருந்திப் போவதுதான் அதன் ஆபத்து. தாத்தா துப்பாக்கி வைத்திருக்கும் எத்தனை வீடுகளில் இந்த விஷயம் தெரியும் என்று அன்று இரவெல்லாம் யோசித்தேன். தயவுசெய்து ஒரு ஆர்மரரிடம் கேஜ் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அறையின் நீளம், முத்திரை, குழல் சுவரின் கனம் மூன்றும் தெரியாமல் ஒரு தோட்டாவும் போட வேண்டாம்.

இரண்டாவதாகப் பார்த்த துப்பாக்கியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கட்டையின் கழுத்தில் விரிசல், மேலே வார்னிஷ்.

மூன்றாவது, குரோம்பேட்டையில் ஒரு பெரியவர் விற்க விரும்பிக் கடையில் ஒப்படைத்திருந்தது. இஷாப்பூர் அரசு ரைஃபிள் தொழிற்சாலையில் செய்தது. வேலைப்பாடு கிடையாது, கட்டை இங்கத்து மரம், கனமும் கொஞ்சம் கூட. பார்த்ததும் எனக்குப் பிடிக்கவில்லை என்பதை மறைக்காமல் சொல்கிறேன். ஐயாவுக்குப் பிடித்தது. முன்கட்டையைக் கழற்றிவிட்டுத் துப்பாக்கியை ஆட்டினார், கீலில் ஆட்டம் இல்லை. குழலை மட்டும் கொக்கியில் விரல் விட்டுத் தொங்கவிட்டு நகத்தால் சுண்டினார். பொங்கல் பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்போமே, அதேதான். விரிசல் பானை சத்தத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும். இரண்டு குழலையும் இணைக்கும் பட்டை எங்காவது விட்டிருந்தால் டொக்கென்று சத்தம் செத்துப்போகும். இது கோயில் மணி மாதிரி கொஞ்ச நேரம் நின்று ஒலித்தது. கடைப் பையன்கூட நிமிர்ந்து பார்த்தான்.

பிறகு குழலை ஜன்னல் சட்டத்துக்கு நேரே பிடித்து மெதுவாகச் சுழற்றினார். உள்ளே விழும் நிழல் கோடு நேராக ஓட வேண்டும்; எங்காவது வளைந்தால் அங்கே நசுங்கல். ஓரிடத்திலும் வளையவில்லை. அடியில் இஷாப்பூர் சோதனை முத்திரை தெளிவாக. கேஜ் 70இல் சரியாக நின்றது, செய்தவன் விட்ட நீளம் அது. சுவர் கனத்தை அளந்து ஒரு காகிதத்தில் எழுதினார். எல்லா இடத்திலும் தாராளம். பறவை வேட்டைக்குக் குறையாகத் தோன்றியிருக்கக்கூடிய அந்தக் கனம்தான் எனக்கு லாபம். கனமான துப்பாக்கி தோளில் மெதுவாக உதைக்கும்.

விலை, அழகியின் விலையைவிடவும் குறைவு. ஊர் பேர் இல்லாத துப்பாக்கிக்கு இங்கே மதிப்பில்லை. எனக்கு அது நல்லதாகப் போயிற்று. பெரியவரைப் பார்த்துவிட்டு வரலாம் என்று குரோம்பேட்டை போனேன். காப்பி கொடுத்தார். மகன்கள் வெளிநாட்டில் இருக்கிறார்கள், தேர்தலுக்குத் தேர்தல் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைத்துத் திரும்ப வாங்க உடம்பு முடியவில்லை என்றார். “நல்லா எண்ணெய் போட்டு வெச்சிருக்கேன் தம்பி” என்று மட்டும் இரண்டு முறை சொன்னார். அப்பாவின் குரல் மாதிரியே இருந்தது.

லைசென்ஸில் எண் ஏறி, எல்லாம் முடிந்து, அனுமதி பெற்ற ரேஞ்சுக்கு ஐயாவோடு போனேன். ஒலிம்பிக் டிராப்பில் சுடுகிற அதே 24 கிராம் ரவைத் தோட்டா. முதல் இரண்டு தட்டும் முழுசாகப் பறந்து போய்ப் புல்லில் விழுந்தன. மூன்றாவது பொடியாகிச் செம்மண் புகையாகக் காற்றில் நின்றது. ஐயா தட்டைப் பார்க்கவில்லை. துப்பாக்கியைத் திறக்கச் சொல்லி, காலிக்கூட்டை வாங்கி, வாயை விரலால் தடவினார். வட்டம் கெடாமல், ஓரம் கிழியாமல் இருந்தது. பையிலிருந்து ஸ்கேலை எடுத்தார்.

அந்தக் கூட்டை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பீரோவில் அப்பாவின் துப்பாக்கி இருக்கும் தட்டில், எண்ணெய்த் துணிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். வாடகைக்கு இப்போது நாங்கள் இருப்பது இரண்டாவது மாடி.