மரத்தை வெட்டாமல் வரும் மருந்து

என் தங்கைக்கு மார்பகப் புற்றுநோய்க்காக ஏற்றப்பட்ட மருந்துகளில் ஒன்று பக்ளிடாக்செல். அது முதலில் ஒரு மரத்திலிருந்து பெறப்பட்டது என்று அறிந்த அயலவர் சிலர், "அப்ப பட்டிப்பூ இலையை அவிச்சுக் குடிச்சாலும் சுகம் வரும்தானே?" என்றார்கள். தலைமுடி கொட்டி, சாப்பிட மனமின்றி இருந்தவளுக்கு அந்தப் பேச்சு ஆறுதலாகவே இருந்தது. அதனால்தான் இம்மருந்தைப் பற்றித் தேடிப் படித்தேன்.

1962 இல் ஐக்கிய அமெரிக்காவில் பசிபிக் யூ என்னும் மரத்தின் பட்டையைச் சேகரித்தார்கள். மன்றோ வோல், மன்சுக் வானி ஆகியோர் அதிலிருந்து மருந்தைப் பிரித்தெடுத்து, 1971 இல் அதன் அமைப்பை வெளியிட்டனர். அங்கே 1992 இல் சூலகப் புற்றுநோய்க்கும், 1994 இல் மார்பகப் புற்றுநோய்க்கும் அனுமதி கிடைத்தது. ஆனால் ஒரு கிராம் மருந்துக்கு ஏறத்தாழ 10 கிலோ காய்ந்த பட்டை தேவைப்பட்டது. பட்டையை உரித்தால் மரம் பட்டுவிடும். யூ மிக மெதுவாக வளரும் மரம்.

இதற்குக் கண்ட வழிகளில் ஒன்று கல வளர்ப்பு. இழைய வளர்ப்பு வாழைக்கன்றை நம்மில் பலர் நட்டிருப்போம். அதுபோலவே யூ மரத்தின் சிறு துண்டிலிருந்து கலங்களை எடுத்து, கிருமி புகாத போசணைக் கரைசலில் வளர்க்கிறார்கள். ஆனால் இங்கே கன்று வருவதில்லை; கலங்கள் மட்டுமே பெருகும். குடுவையில் பெருகியவற்றைப் பெரிய உருக்குத் தாங்கிக்கு மாற்றுவார்கள். ஜேர்மனியில் 75,000 லீற்றர் கொள்ளும் தாங்கிகளும் உண்டு. சீனியும் உப்புக்களும் உணவு. காற்றைச் செலுத்தி மெதுவாகக் கலக்குவார்கள். வேகமாகக் கலக்கினால் கலங்கள் உடைந்துவிடும். மல்லிகை வாசனையில் உள்ள மெதயில் ஜஸ்மோனேற்றைச் சிறிது சேர்த்தால், காயம்பட்ட செடியைப் போலக் கலங்கள் மருந்தைக் கூடுதலாக உண்டாக்கும். பின்னர் அதைப் பிரித்து, சுத்திகரித்து, அளவு பார்க்கிறார்கள்.

பட்டிப்பூவிலும் வின்கிறிஸ்ரின், வின்பிளாஸ்ரின் என்னும் புற்றுநோய் மருந்துகள் உண்டு என்பது உண்மைதான். ஆனால் இலையில் அவை மிக மிகச் சிறிதளவே. கூடவே வேறு பல நச்சுப் பொருட்களும் இருக்கின்றன. அவித்த தண்ணீரில் எது எவ்வளவு என்று எவராலும் சொல்ல முடியாது. வைத்தியசாலையிலோ உயரமும் நிறையும் பார்த்து, இரத்தம் சோதித்த பின்பே மருந்து ஏற்றுகிறார்கள். இதையெல்லாம் தங்கைக்குச் சொன்னேன். அவள் சிகிச்சையை நிறுத்தவில்லை.

சகோதரிகளே, மார்பில் கட்டி தென்பட்டால் வெட்கப்பட்டு நாட்களைக் கடத்தாதீர்கள். கசாயம் ஏதும் குடிப்பதானால் அதை வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அயலவர் பேச்சைக் கேட்டுத் தொடங்கிய சிகிச்சையை இடையில் கைவிடாதீர்கள்.