கன்றிப்போன ரத்தம்

ஸ்டேஷனில் லத்தியால் அடித்து அனுப்பிய அப்பாவின் முதுகில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை. "காயம் ஒண்ணுமில்லியே" என்று தள்ளி நின்றே எழுதிவிட்டார் டாக்டர். வழக்கு நிற்கவில்லை.

தோல் கிழியாமலே உள்ளே நுண்ணிய ரத்தக்குழாய்கள் உடையும். கசிந்த ரத்தம் தேங்கிக் கன்றிப்போகும். லத்தி விழுந்தால் ரத்தம் இருபக்கமும் பிதுங்கி, நடுவில் வெளிறி, தண்டவாளம் மாதிரி இரட்டைக்கோடு விழும். வெளுத்த தோலில் பளிச்சென்று தெரியும். எங்க கறுத்த தோலில் தொட்டுப் பார்க்கணும். அம்மா இருட்டிலேயே விரலால் தடவி, "ரெண்டு ரெண்டா வீங்கியிருக்குடா" என்றாள்.

1989இல் வந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அப்போதும் இருந்தது. அப்பாவைத் தொடத்தான் அந்த டாக்டருக்குக் கை வரவில்லை.

ஆழத்தில் உடைந்தது மேலே தெரிய ஒன்றிரண்டு நாளாகும். அடிபட்டவரை மறுபடி கூட்டிப்போங்கள். தொட்டுப் பார்த்து எழுதச் சொல்லுங்கள்.