எங்கள் பயணக் குறிப்பேடு

வீட்டை வண்டியில் ஏற்றிக்கொண்டு புறப்படுவது தமிழருக்குப் புதிய வழக்கமன்று. உப்பு விற்ற உமணர் குடும்பத்தோடும் தட்டுமுட்டுப் பொருள்களோடும் வண்டி கட்டி ஊர் ஊராகச் சென்றதைச் சங்க இலக்கியம் விரிவாகவே காட்டுகிறது. பெரும்பாணாற்றுப்படையில் வரும் உமணர் வண்டியில் கோழிக்கூடு உண்டு. கயிற்றால் பிணித்த காடிப்பானை உண்டு. கைக்குழந்தையோடு எருதுகளை ஓட்டிச் செல்லும் தாயும் உண்டு. வழியில் அச்சு முறிந்தால் என் செய்வது என்று எண்ணி, வண்டியின் அடியில் இன்னோர் அச்சையும் கட்டிக்கொண்டார்கள். அந்தச் சேம அச்சை ஔவையார் புறநானூற்றுப் பாட்டொன்றில் உவமையாக்கியிருக்கிறார். மேலைநாட்டார் காருக்குப் பின்னால் கோத்து இழுத்துச் செல்லும் குடில் வண்டியும், கேரள அரசு 2021-ஆம் ஆண்டில் அறிவித்த கேரவன் சுற்றுலாத் திட்டமும், 2022-இல் நம் இடுக்கி மாவட்டத்து வாகமண்ணில் திறக்கப்பட்ட கேரவன் பூங்காவும் அந்த உமணர் வண்டியின் பேரப்பிள்ளைகள் என்றே சொல்லலாம்.

உமணர் தம் வழியைத் தாமே எழுதி வைக்கவில்லை. புலவர் கண்ணில் பட்டதால் அவர்கள் வண்டி இரண்டாயிரம் ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கிறது. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஏலமலைக்கு ஏறி வந்த நம் பாட்டன்மாரை எந்தப் புலவரும் பார்க்கவில்லை. தலையில் சும்மாடும், சும்மாட்டின் மேல் அரிசி மூட்டையுமாக அவர்கள் ஏறிய ஒற்றையடிப் பாதைக்கு ஒரு வரி எழுத்துச் சான்றும் இல்லை. இந்தக் குறையே எங்களைக் குறிப்பேடு எழுதத் தூண்டியது.

சக்குபள்ளத்தில் குடியிருக்கும் எங்கள் குடும்பம் 2014-ஆம் ஆண்டுப் பொங்கல் முதல் ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை இவ்வாறு பயணம் போய் வருகிறது. வண்டி எங்களுடையதன்று, உறவினர் ஒருவரின் பழைய ஜீப்பு. அதன் பின்னால் ஏலத் தோட்டத்துக்கு உரம் ஏற்றும் சிறு டிரெய்லரைக் கோத்துக்கொள்வோம். ஆட்கள் ஜீப்பில், அடுப்பு, அண்டா, பாய், தார்ப்பாய், தண்ணீர்க் குடம் எல்லாம் டிரெய்லரில். இரவு தங்குமிடம் பெரும்பாலும் உறவினர் தென்னந்தோப்பாக இருக்கும். ஜீப்புக்கும் டிரெய்லருக்கும் இடையே தார்ப்பாயை இழுத்துக் கட்டினால் கூடம் ஆயிற்று. மூன்று கல்லை வைத்தால் அடுக்களையும் ஆயிற்று.

நடுவணரசு அலுவலகத்தில் எழுத்தராக இருப்பவர்க்கு அலுவலக வண்டியின் லாக் புத்தகம் பழக்கமானது. நாள், புறப்பட்ட இடம், மீட்டர் காட்டிய எண், சேர்ந்த இடம், பயணத்தின் நோக்கம், எரிபொருள், கையொப்பம் என்று அதில் கட்டம் கட்டமாக இருக்கும். அந்தக் கட்டங்களையே எங்கள் நோட்டிலும் கோடிட்டுக்கொண்டோம். உடன் வந்தவர் பெயர், உண்ட உணவு, செலவு என்று மூன்று கட்டங்களைக் கூட்டினோம். கடைசியாகக் ‘குறிப்பு’ என்று அகலமான ஒரு கட்டம் விட்டோம். ஒரே ஒரு விதி வைத்துக்கொண்டோம்: அன்றைய வரியை அன்றிரவே எழுதிவிட வேண்டும். எங்கள் மூத்த மகள்தான் எழுதுபவள். கையொப்பம் இடுபவர் அவளுடைய அப்பத்தா.

இத்தகைய குறிப்பேட்டுக்கு ஒரு பெருமைமிக்க முன்னோடி உண்டு. ஏனுகுல வீராசாமி என்பவர் சென்னை சுப்ரீம் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றியவர். நம்மைப் போல் அலுவலகத்துக்குக் கட்டுப்பட்டவர். அவர் 1830 மே 18 அன்று சென்னையிலிருந்து காசிக்குப் புறப்பட்டு, 1831 செப்டம்பர் 3 அன்று திரும்பினார். பல்லக்கும் கூடாரமுமாக, ஏறத்தாழ நூறு பேர் உடன் வர, பதினைந்து மாதங்களுக்கு மேல் நடந்த பயணம் அது. அன்றன்று தங்கிய ஊர், கடந்த தொலைவு, கிடைத்த பண்டம், செலுத்திய சுங்கம், செல்லுபடியான நாணயம் ஆகியவற்றைத் தெலுங்கில் எழுதித் தம் நண்பர் கோமளேசுவரபுரம் சீனிவாசப் பிள்ளைக்கு அனுப்பி வந்தார். வீராசாமி 1836-இல் மறைந்தார். நண்பர் அந்தக் குறிப்புகளை 1838-இல் நூலாக அச்சிட்டார். அவர் தரிசித்த தெய்வங்கள் இன்றும் இருக்கின்றன. அவர் கண்ட சாவடிகளும் சுங்கங்களும் இல்லை. அவற்றை அறிவதற்கு இன்று அந்த நூலைத்தான் நாட வேண்டியிருக்கிறது. தமிழில் ஏ.கே. செட்டியார் உலகம் சுற்றித் தாம் கண்டதை எழுதியதோடு நில்லாமல், பிறர் எழுதி மறந்துபோன பழைய பயணக் கட்டுரைகளையும் தேடித் தொகுத்தார். சிறிய குறிப்பின் அருமையை அறிந்தவர் அவர்.

நிற்க. எங்கள் நோட்டு எங்களுக்குக் கற்பித்தவற்றுள் சிலவற்றைச் சொல்ல வேண்டும். முதலாவது, மலைச்சாலையின் குணம். சுமை கோத்த வண்டி இறக்கத்தில் முன்வண்டியைத் தள்ளும். ஆகவே குமுளியிலிருந்து லோயர் கேம்பு வரை தாழ்ந்த கியரிலேயே இறங்க வேண்டும். பிரேக்கை மட்டும் நம்பினால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். பாதி வழியில் நிறுத்திச் சக்கரங்களைத் தொட்டுப் பார்த்து, கொக்கியைச் சரிபார்த்த பிறகே மேலே செல்வோம். இந்த நிறுத்தமும் நேரத்தோடு பதிவாகும்.

இரண்டாவது, மழையின் கணக்கு. ஆடி மாதப் பயணங்களின் வரிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஒரே செய்தி வருகிறது: அணைக்கரையில் சாரல், குமுளியில் மூடுபனி, கூடலூரில் வெயில். தென்மேற்குப் பருவக்காற்று மலையின் மேற்கு முகத்திலேயே தன் நீரைக் கொட்டிவிட்டு, பள்ளத்தாக்கில் வெறுங்காற்றாக இறங்குகிறது. அந்த வறட்சியைப் போக்கவே 1895-இல் கட்டி முடிந்த முல்லைப் பெரியாற்று அணையின் நீர் மலையைக் குடைந்து கிழக்கே திருப்பப்பட்டது. பாடப்புத்தகத்தில் படித்தபோது பிள்ளைகளுக்கு இது மனத்தில் நிற்கவில்லை. நான்கு ஆடி மாதங்களின் வரிகளைத் தாங்களே கூட்டிப் பார்த்தபோது நின்றது.

மூன்றாவது, வெற்றுப் பக்கத்தின் மதிப்பு. 2018 ஆகஸ்டில் எங்கள் நோட்டில் பயணமே இல்லை. செறுதோணி அணையின் மதகுகள் 1992-க்குப் பின் முதன்முறையாகத் திறக்கப்பட்ட மாதம் அது. மலைச்சாலைகள் பல இடங்களில் சரிந்து கிடந்தன. ‘பெருவெள்ளம். போகவில்லை’ என்று மட்டும் எழுதியிருக்கிறது. மறு ஆண்டு ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாய் வரை போனதாக ஒரு குறிப்பு. இரண்டு வரிகளையும் சேர்த்துப் படித்தால்தான் வெள்ளத்தில் அழிந்த செடிகளின் கதை விளங்குகிறது.

2020-ஆம் ஆண்டுப் பக்கம் இன்னும் சிறியது. அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில் ஊரடங்கு வந்தது. குமுளியிலும் கம்பம்மெட்டிலும் எல்லை அடைபட்டது. அந்நாளில் எங்கள் அத்தை கம்பத்தில் காலமானார். மலையுச்சியில் நின்றால் அவர் வாழ்ந்த ஊரின் விளக்குகள் தெரியும். போய் ஒருபிடி வாய்க்கரிசி போட வழியில்லை. அன்றைய வரியில் புறப்பட்ட இடம் ‘சக்குபள்ளம்’ என்று இருக்கிறது. சேர்ந்த இடத்துக்கான கட்டம் காலியாக இருக்கிறது. கையொப்பம் மட்டும் உண்டு. அந்தக் கட்டத்தை நிரப்ப எங்களில் எவருக்கும் மனம் வரவில்லை.

எல்லாவற்றிலும் மேலானது ‘குறிப்பு’க் கட்டம். தொடக்கத்தில் அதில் ‘டயரில் காற்றுக் குறைவு’, ‘தக்காளி மலிவு’ என்பன போன்றவையே இருந்தன. ஒருமுறை கம்பம்மெட்டு வழியாக இறங்கும்போது எங்கள் தாயார், “அடேய், வண்டிய நிறுத்துடா. இந்த வளைவுலதான் எங்கய்யா சுமைய எறக்கி வைப்பாரு” என்றார். நிறுத்தினோம். சாலை வளைந்து செல்லும் இடத்தில் பழைய பாதை நேராக ஏறிய தடத்தைப் புதருக்கிடையே கைகாட்டினார். இடுப்பில் ஒரு குழந்தையும் தலையில் ஒரு சுமையுமாக அவருடைய தாய் ஏறியதையும், முதல் ஆண்டு எந்தத் தோட்டத்து லயத்தில் தங்கினார்கள் என்பதையும், எந்தப் பள்ளியில் சேர்த்தார்கள் என்பதையும் அங்கேயே நின்று சொன்னார். வீட்டுத் திண்ணையில் உட்கார்த்தி வைத்து எத்தனையோ முறை கேட்டும் வராத செய்திகள் அவை. வழியைக் கண்டதும் நினைவு தானே நடந்து வந்தது. மகள் ஒரு பக்கம் முழுவதும் எழுதினாள்.

இதில் நெகிழ்ச்சி மட்டுமன்று, பயனும் இருக்கிறது. ‘உங்கள் குடும்பம் எந்த ஆண்டு இங்கு வந்தது?’ என்ற கேள்வியை எதிர்கொள்ளாத வீடு நம்மிடையே அரிது. பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்டுச் செல்லும் பிள்ளைகளுக்கோ அது வாழ்க்கைக் கேள்வி. 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை பிறந்த நாளில் குடும்பம் எந்த மாநிலத்தில் நிலையாகக் குடியிருந்தது என்பதை ஒட்டியே உரிமை கணிக்கப்படுகிறது. ‘தொண்ணூற்றொன்பதாம் வெள்ளத்துக்குப் பின்னே வந்தோம்’ என்று பெரியவர்கள் சொல்வார்கள். அது கொல்லம் ஆண்டு 1099, அதாவது 1924. அந்தச் சொல்லை மட்டும் ஏற்றுக்கொள்ளும் அலுவலகம் இல்லை. எங்கள் நோட்டும் சான்றாகிவிடாது. அதை நாங்கள் நன்கு அறிவோம். ஆயினும் எந்தத் தோட்டத்துச் செக்ரோலில் தேடுவது, எந்தப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டைப் புரட்டுவது என்று அது கைகாட்டும். கோப்பு எங்கே இருக்கிறது என்று தெரிந்தவருக்குப் பாதி வேலை முடிந்தது என்பது எழுத்தர் எல்லோரும் அறிந்த உண்மை.

ஆகவே, உறவினர்களே, வீரபாண்டித் திருவிழாவுக்கோ, சுருளித் தீர்த்தத்துக்கோ, சொந்த ஊர்ப் பொங்கலுக்கோ அடுத்த முறை புறப்படும்போது நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். ஜீப்போ டிரெய்லரோ வேண்டியதில்லை. பேருந்துப் பயணமும் பயணமே. நடை அழகாக இருக்க வேண்டும் என்ற கவலையும் வேண்டா. நாளும், இடமும், உடன் வந்தவர் பெயரும், கொடுத்த காசும் இருந்தால் போதும். முடிந்தவரை வீட்டின் மூத்தவரை முன் இருக்கையில் அமர்த்துங்கள். அவர் நிறுத்தச் சொல்லும் இடத்தில் வண்டியை நிறுத்துங்கள். ஏறி வந்த பாதையை அறிந்தவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகிறார்கள்.