கொடிக்கயிற்றில் ஓர் ஆன்டெனா

உத்திரமேரூர் என்றாலே எல்லோரும் குடவோலைக் கல்வெட்டைத்தான் விசாரிப்பார்கள். நான் சொல்ல வந்தது அதே ஊரில் நான் குடியிருக்கும் மொட்டைமாடி ரூமின் கதை, நண்பர்களே!

தேர்வு எழுதி ஹாம் ரேடியோ லைசென்ஸ் வாங்கியாயிற்று. ஹைதராபாத் அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த 'பிட்எக்ஸ்' செட்டும் ரெடி. பத்து வாட்கூட வராத குட்டிச் செட். ஆனால் ஆன்டெனா? வீட்டுக்காரப் பெரியம்மா ஒரேயடியாகச் சொல்லிவிட்டார்: "மாடியில கம்பி கிம்பி கட்டக்கூடாதுப்பா. ஒயர்லெஸ்ஸுன்னா போலீசு வரும்."

அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. 1991 மே 21-ல் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட ஸ்ரீபெரும்புதூர் எங்கள் மாவட்டத்துப் பக்கம்தான். அந்த வழக்கில் வயர்லெஸ் செட்டுகளும் அடிபட்டன. "ராஜீவே ஒரு ஹாம்தான் பெரியம்மா, அவர் கால்சைன் வி.யு.2 ஆர்.ஜி." என்றேன். ம்ஹும்... நம்பவே இல்லை.

அமெரிக்காவில் பல குடியிருப்புகளில் ஆன்டெனாவுக்குத் தடையாம். அங்குள்ள ஹாம்கள் கொடிக்கம்பத்துக்குள் ஒளித்து வைப்பார்களாம். நமக்குக் கொடிக்கம்பம் ஏது? கொடிக்கயிறு இருக்கிறதே!

7.1 மெகாஹெர்ட்ஸுக்கு அரை அலை டைபோல் சுமார் 66 அடி. பம்ப்செட் மோட்டார் வைண்டிங் கடையில் எனாமல் கம்பி வாங்கி, துணி காயப்போடும் நைலான் கயிற்றோடு ஓட்டினேன். மாடி நீளம் போதவில்லை. டைபோலில் கரண்ட் அதிகம் ஓடுவது நடுவில்தான். அலையும் பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்பும். அதனால் நுனிகளைக் கைப்பிடிச் சுவரோரம் மடித்துவிட்டேன். பத்தடி தள்ளி நின்றால் என் கண்ணுக்கே தெரியாது. அன்றிரவே பெங்களூர்க்காரர் ஒருவர் பதில் கொடுத்தார். தூக்கமே வரவில்லை!

பதினைந்து நாள் ராஜபோகம். ஒரு சாயங்காலம் மைக்கில் பேசிக்கொண்டிருந்தபோது வெளியே "ஐயோ!" என்று சத்தம். பெரியம்மா ஈரக்கையை உதறிக்கொண்டு நின்றார். துணி எடுக்க வந்தவர் கை, நான் எனாமல் சுரண்டி விட்டிருந்த நுனியில் பட்டிருக்கிறது. நடுவில் கரண்ட் என்று படித்தவன், நுனியில் வோல்டேஜ் என்பதைக் கோட்டை விட்டேன். ஏழு வாட்டுக்கே அங்கே நூறு வோல்ட்டைத் தாண்டும்.

எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "நேத்து பேரன் இங்கதானப்பா வெளையாடினான்" என்றார். அவ்வளவுதான். எனக்குக் கை நடுங்கிவிட்டது. அன்றிரவே அத்தனை கம்பியையும் அவிழ்த்துச் சுருட்டினேன்.

மறுநாள் லைசென்ஸை எடுத்துப்போய் அவர் மகனிடம் காட்டினேன். முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை! ஒரு வாரம் பேச்சில்லை. பிறகு பெரியம்மாவே வந்தார். "பின்னாடி ரெண்டு தென்னமரம் இருக்குதுல்ல, அதுல கட்டிக்க. யாருக்கும் கை எட்டக்கூடாது. இடி இடிச்சா கழட்டிடணும்."

இப்போது ஏரிப் பக்கம் மேகம் கறுத்தால் போதும். இடிக்கு முன்னால் கீழேயிருந்து குரல் வருகிறது: "தம்பீ... கம்பியக் கழட்டினியா?"