லாட்ஜ் யாத்திரை

'லாட்ஜ்' என்றால் தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரியும்: நாள் வாடகைக்கு அறை கிடைக்கும் இடம். ஆகையால், குடும்பஸ்தரான ஓர் உபாத்தியாயர் மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை, கறுப்புக் கோட்டும் கழுத்தில் டையுமாகப் பெரம்பலூர் பஸ் நிலையத்தில் நின்று, "திருச்சியில் லாட்ஜுக்குப் போகிறேன்" என்று சொன்னால், கேட்பவர் முகத்தில் ஒரு மாறுதல் உண்டாவது இயற்கையே. நான் பிரீமேஸன் சங்கத்தில் சேர்ந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. அதில் பாதிக் காலம் இந்த ஒரு வார்த்தைக்கு வியாக்கியானம் சொல்வதிலேயே கழிந்தது. நேயர்களுக்கு அந்தச் சிரமம் வேண்டாம். இனி 'சபை' என்றே எழுதுகிறேன்.

மேஸன் என்றால் கொத்தனார். ஆனால் எங்களில் ஒருவருக்கும் ஒரு சுவர் எழுப்பத் தெரியாது. 1717-ஆம் வருஷம் லண்டனில் நான்கு சபைகள் ஒன்றுகூடி ஒரு தலைமைச் சபையை ஏற்படுத்தின. அன்று முதல் மூலைமட்டம், கவராயம், ரசமட்டம், தூக்குக்குண்டு முதலிய கொத்து வேலைக் கருவிகள் ஒழுக்கத்தின் அடையாளங்களாக அங்கே வழங்கி வருகின்றன. மதத்தைப் பற்றியும் அரசியலைப் பற்றியும் சபைக்குள் வாதம் செய்யக் கூடாது என்பது கண்டிப்பான விதி.

இந்த ஏற்பாட்டில் என் மனத்தை மிகவும் கவர்ந்தது, பிற சபைகளுக்கு விருந்தாளியாகச் செல்லும் வழக்கம். என் வீடு பெரம்பலூரில், பள்ளிக்கூடம் அரியலூரில். பெரம்பலூருக்கு ரயில் கிடையாதாகையால், திருச்சியிலுள்ள என் சொந்தச் சபைக்குப் பஸ்ஸில் போவேன். சென்னைச் சபைகளைப் பார்க்க அரியலூரில் ரயில் ஏறி எழும்பூரில் இறங்குவேன். 1925-இல் திறக்கப்பட்ட பிரீமேஸன் மண்டபம் எழும்பூரில்தான் இருக்கிறது.

வாசலில் உருவிய வாளுடன் ஒருவர் நிற்பார். அவருக்கு 'டைலர்' என்று பெயர். தையற்காரர் என்று எண்ணிவிட வேண்டாம். அவர் முன்னிலையில் புத்தகத்தில் கையெழுத்திட வேண்டும். "இவருடன் நான் சபையில் அமர்ந்திருக்கிறேன்" என்று உள்ளே இருக்கும் ஒருவர் சாட்சி சொன்னால் நல்லது. சாட்சி இல்லாவிட்டால் பரீட்சை உண்டு. எத்தனையோ பரீட்சைகள் வைத்தவனானாலும், அந்தக் கேள்விகளை நான் வெளியிட மாட்டேன். அது நான் கொடுத்த வாக்கு. ஆனால் கேட்கப்படாத கேள்விகளைச் சொல்லலாம் அல்லவா? என்ன சம்பளம், எந்தச் சாதி, எந்தக் கோவில் என்று எந்த வாசலிலும் எவரும் கேட்டதில்லை.

உள்ளே கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டமிட்ட தரை. பீடத்தின் மீது கீதை, குர்ஆன், விவிலியம் முதலிய வேதங்கள் அருகருகே இருக்கும். அவரவர் தம் வேதத்தின் மீது பிரமாணம் செய்வார்கள். நான் முதன்முதல் வேறு சபைக்குப் போனபோது, முதற்படியில் இருக்கும் கற்றுக்குட்டி. வெள்ளை ஆட்டுத்தோல் ஏப்ரனில் ஒரு பூ வேலைகூடக் கிடையாது. சற்று நேரத்தில் சபை மேற்படிக்கு உயர்த்தப்பட்டது. உடனே என்னை வெளியே இருக்கச் சொல்லிவிட்டார்கள்! இருபது வருஷமாகப் பையன்களை வகுப்புக்கு வெளியே நிறுத்தி வந்தவன், வாள் பிடித்த பெரியவருக்கு அருகில் ஒரு நாற்காலியில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அவரோ என் ஊரைப் பற்றியும் பெண்டு பிள்ளைகளைப் பற்றியும் விசாரித்து, நேரம் போவதே தெரியாமல் செய்துவிட்டார். பிறகு விருந்தில், வந்தவர்களின் நலத்துக்கென்றே ஒரு வாழ்த்துக் கூறினார்கள்.

இந்த உபசாரம் நம்மவருக்கு எளிதில் கிடைத்ததன்று. ஆற்காட்டு நவாபு முகம்மது அலியின் மூத்த குமாரர் உம்தத் உல் உமரா, 1770-களில் நமது திருச்சியில்தான் மேஸனாகச் சேர்க்கப்பட்டார். லண்டன் தலைமைச் சபை பூரித்துப்போய், அவருக்கு அலங்கார ஏப்ரனும் விதிப் புத்தகமும் அனுப்பிற்று. அவர் பாரசீக மொழியில் எழுதிய பதில், ஜரிகைத் துணி உறையில் 1780-இல் லண்டன் போய்ச் சேர்ந்தது. பின்னர் 1795-இல் அவரே நவாபானார். 1801 ஜூலையில் அவர் காலமானதும், அந்த மாதம் முடிவதற்குள் கும்பெனியார் கர்நாடக ராஜ்யத்தைத் தங்கள் வசமாக்கிக்கொண்டார்கள். பெரம்பலூரும் அரியலூரும் அந்தச் சீமையோடு போயின. சபைக்குள் சகோதரர் என்று அழைத்தது உண்மைதான். வாசலைத் தாண்டியதும் அந்தச் சகோதரத்துவம் எங்கே போயிற்று?

அவர் ராஜகுமாரர், கதவு திறந்தது. கல்கத்தாவில் பிரசன்ன குமார தத்தர் என்ற வியாபாரிக்கு அவ்வளவு சுலபமாகத் திறக்கவில்லை. ஹிந்துக்களைச் சேர்த்துக்கொள்ளலாகாது என்று அங்கிருந்த வெள்ளைக்கார அதிகாரிகள் தடுத்தார்கள். அவர் சளைக்காமல் லண்டன் வரையில் வழக்காடி, 1872-இல் 'ஆங்கர் அண்டு ஹோப்' சபையில் நுழைந்தார். 1884-இல் அதே சபையில் நரேந்திரநாத தத்தர் என்ற இளைஞர் சேர்ந்தார். அவரே பிற்பாடு சுவாமி விவேகானந்தரானார். சுதந்திர பாரதத்துக்கென்று தனித் தலைமைச் சபை 1961 நவம்பர் 24-ஆம் தேதி டில்லியில் ஏற்பட்டது. இங்கிலீஷ், ஸ்காத்லாந்து, ஐரிஷ் மரபுகளைச் சேர்ந்த சபைகளும் நம் நாட்டில் நடைபெறுகின்றன. நான் இவை எதற்கும் விருந்தாளியாகப் போகலாம். எனக்கு முன் சென்றவர்கள் கதவைத் தட்டித் தட்டிக் கை வலித்ததனால், எனக்குத் தட்டும் வேலை மிச்சம்.

இதையெல்லாம் ஒரு நாள் வீட்டில் உற்சாகமாக எடுத்துரைத்தேன். என் மனைவி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "சகோதரர்கள், சகோதரர்கள் என்கிறீர்களே, சகோதரிகள் எங்கே?" என்றாள்.

அன்னி பெஸன்ட் அம்மையார் 1902-இலேயே ஆண், பெண் இருபாலாரும் கூடும் மேஸன் சபையில் சேர்ந்தார் என்று சொன்னேன்.

"அப்படியானால் அந்தச் சபைக்கு நீங்கள் விருந்தாளியாகப் போகலாமா?"

"போகக் கூடாது. எங்கள் தலைமைச் சபை அதை அங்கீகரிக்கவில்லை."

"வாளோடு ஒருவர் நிற்பது அதற்குத்தானா?" என்று கேட்டுவிட்டு, அவள் அடுக்களைக்குள் போய்விட்டாள். இன்று வரை அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

எங்கள் வீட்டு மாடிப் பகுதி சென்ற ஆடியில் காலியாயிற்று. நம் தெருக்களில் வீடு கேட்டு வருகிறவரிடம் முதலில் என்ன கேட்கிறோம் என்பதை நான் எழுத வேண்டியதில்லை. "நீங்கள் என்ன ஆளுங்க?" என்கிறோம். அந்தக் கேள்வியிலேயே பாதிப் பேருக்குக் கதவு அடைபட்டுவிடும். அரியலூர்ப் பக்கத்துச் சிமெண்டு ஆலை ஒன்றில் வேலை கிடைத்த ஒரு வாலிபர், பெண்டாட்டியையும் கைக்குழந்தையையும் அழைத்துக்கொண்டு வந்தார். முந்திய நாள் எங்கள் தெருவிலேயே மூன்று வீடுகளில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லித் திரும்பியவர். ஆகவே, நாங்கள் கேட்குமுன்பே அதற்குப் பதிலாக ஏதோ சொல்லத் தொடங்கினார்.

என் மனைவி இடைமறித்தாள். "அதெல்லாம் இருக்கட்டும், தம்பி. குழந்தைக்கு எத்தனை மாதம்? தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும், சமாளித்துக்கொள்வீர்களா?" என்று கேட்டுச் சாவியை அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தாள். தெருவில் இரண்டொரு வீட்டுக்காரர்கள் ஒரு மாதம் எங்களுடன் முகங்கொடுத்துப் பேசவில்லை. அவள் அதைப் பொருட்படுத்தவில்லை.

நான் இதுவரை ஏழு சபைகளுக்கு விருந்தாளியாகப் போய் வந்திருக்கிறேன். அவள் ஒன்றின் வாசலையும் கண்டதில்லை.